ஏலக்காயோடு காய்ந்த மரம்

எங்கள் படுக்கை அறையில் டியூப்லைட் சுவிட்சு கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டில் எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. வீடு கட்டியபோது வயரிங்காரர் சுவிட்சை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். நான் கொத்தனாரிடம் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரே ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து, யார் எழுந்து போய் விளக்கை அணைப்பது என்பதுதான் எனக்கும் என் மனைவிக்கும் இடையில் தீராத வழக்கு. தூங்கிவிட்டதுபோல நடிப்பதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். நான் ஒரு படி மேலே போய்க் குறட்டையும் விடுவேன்.

“நெசக் கொறட்ட எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். எந்திரிங்க” என்பாள்.

அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள். பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது போனில் என் முகத்தைப் பார்த்து “தாத்தா போர்” என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். எனக்கும் அவளுக்கும் சண்டை ஏதும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போகலாம். இதற்கு என்ன சொல்லிக்கொண்டு போவது?

நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பார்க்கிறவன். ஒரு பிடி அள்ளி, நிறம் பார்த்து, சல்லடையில் சலித்து, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். நன்றாகக் காய்ந்த காய் என்றால் உள்ளே அரிசி, அதாவது விதை, உருளும் சத்தம் கேட்கும். ஈரம் இருந்தால் ஊமையாக இருக்கும். இதுதான் என் சோலி. ஆனால் எனக்குச் சம்பளம் கொடுப்பது ஜோக்குக்காகத்தான் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்வார். நான் வாயைத் திறந்தாலே காய் பொறுக்கும் பெண்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஒருநாள் எனக்கு நெஞ்செரிச்சல் என்று சொன்னதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் மனைவியிடம் பேசும்போது, எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் நினைப்பேன். வாயில் வேறு ஏதாவது வரும்.

“வீட்ல இருக்கிற பல்லிக்கெல்லாம் பேரு வச்சிட்டேன். ரேசன் கார்டுல சேத்துரவா?”

அவள் சிரிப்பாள். “ஒங்களுக்கென்ன, ராசா மாதிரி இருக்கீங்க. என்னையத் தேடுறது வெளக்கு அணைக்கத்தான்.”

“ஆமா, பின்ன? கரண்டு பில்லு எகிறுதுல்ல.”

போனை வைத்த பிறகு நான் எழுந்து போய் விளக்கை அணைப்பேன். இருட்டில் திரும்பி வரும்போது அவளுடைய தையல் மிஷினில் முழங்காலை இடித்துக்கொள்வேன். அது நகர்ந்து வருகிறதா, நான் கோணலாக நடக்கிறேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

தையில் சிலமலையில் அவளுடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னாலேயே வருவதாகச் சொன்னாள். அப்போதுதான் கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் ஒரு மேசை விளக்கு வைக்கலாம் என்று தோன்றியது. படுத்தபடியே கையை நீட்டி அணைத்துக்கொள்கிற மாதிரி. கடையில் வாங்கிக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்பாள், பேச்சு அதோடு முடிந்துவிடும். நானே செய்தது என்றால், எதுக்கு இம்புட்டுப் பாடுபட்டீங்க என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் கேட்டால், நீ இங்கே வந்துவிடு என்று நான் சொல்லிவிடலாம். நானாகப் பேச்சை எடுத்தால் நடுவில் பல்லி வந்துவிடும்.

கடைசல் மிஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மனைவி ஊரில் இல்லாத ஆண்கள் வாங்கும் சாமான்களுக்கு என்றே ஒரு தனிக் கடை வைக்கலாம், நன்றாக ஓடும். நான் போனில் மரம் கடைகிற வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பலவீனமான ஞாயிற்றுக்கிழமையில் சின்ன மிஷின் ஒன்றை வரவழைத்துவிட்டேன். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் வைத்தேன். கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து மிஷின் சுற்றும். சுற்றுகிற கட்டையில் உளியைப் பதமாகக் கொடுத்தால் சுருள் சுருளாகச் சீவல் வரும். பதம் தவறினால் உளி கடித்துக்கொண்டு கையை உதறும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மிஷின் ஓடிய முதல் நாளே பக்கத்து வீட்டம்மா காய்ந்த மிளகாயை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்துவிட்டார். “மில்லு போட்டிருக்கீகளாமே, சொல்லவே இல்ல?” என்றார்.

நான் கடைந்ததெல்லாம் கடைசியில் பூரிக்கட்டையாகத்தான் முடிந்தது. கட்டில் கால் என்று ஆரம்பித்ததும் பூரிக்கட்டை. பூச்சாடி என்று ஆரம்பித்ததும் பூரிக்கட்டை. தப்பான இடத்தைச் சரிசெய்யப் போய், சீவிச் சீவி, கையில் பிடிக்கிற கனத்துக்கு வந்ததும் பயந்துபோய் நிறுத்திவிடுவேன். கடையில் பொறுக்குகிற பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன்.

“அண்ணே, ஒங்க வீட்ல பூரி சுட ஆளு இல்ல. கட்ட மட்டும் கட்டுக்கட்டாக் கெடக்கு” என்றாள் ஒருத்தி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஆளு வந்ததும் மொத அடி எனக்குத்தான். அதான் எல்லாத்தையும் வெளிய கடத்துறேன்” என்றேன். கடையே சிரித்தது.

விளக்குக்கு நல்ல கட்டை வேண்டும். மனைவியின் தம்பிக்குக் குரங்கணிக்கு மேலே சரிவில் கொஞ்சம் காப்பியும் ஏலமும் இருக்கிறது. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் ஒன்று ஐப்பசிக் காற்றில் சாய்ந்து கிடப்பதாக அவன் சொல்லியிருந்தான். கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஜீப் ஏறிப் போனேன். மரத்தில் தொடை கனத்துக்கு ஒரு கிளை பார்த்து, முழ நீளத்துக்கு நாலு துண்டு அறுத்துக் கொடுத்தான். கையில் எடுத்தால் தண்ணீர்க் குடம் மாதிரி கனத்தது.

“இத நெழல்ல போட்டு ஒரு வருசம் விடுங்க மச்சான். அப்புறமாக் கடைங்க.”

“கல்யாணம் தையில மாப்ளே.”

“கல்யாணத்துக்கும் கட்டைக்கும் என்ன இருக்கு?”

நான் அவனுடைய ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறித்த ஏலக்காயைக் காயவைக்கிற அறையை இங்கே ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். தட்டுத் தட்டாக அடுக்கிய பச்சைக் காய், ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கழிவதற்குள் காதில் குலுக்கிப் பார்க்கிற காயாகிவிடும். வாழ்நாளெல்லாம் ஈரம் பார்த்தே சோறு தின்றவன் நான். காய்க்கு ஒரு நாள் என்றால் கட்டைக்கு இரண்டு நாள் போதாதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

“மாப்ளே, இத உள்ள வச்சா என்ன?”

“மச்சான், இது மரம். காயி இல்ல.”

“ரெண்டுலயும் இருக்கிறது தண்ணிதான?”

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் ஜோக் அடிக்கிறேனா என்று பார்க்கிற பார்வை அது. “என்னமோ செய்ங்க. காயி நெறம் போச்சுன்னா அக்காட்டச் சொல்லிக்கொடுத்துருவேன்.”

“சொல்லு. அதுக்காச்சும் வரட்டும்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் காய்த் தட்டுகளை ஏற்றும்போது நாலு கட்டையையும் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்தோம். கதவைச் சாத்தி அடுப்பை மூட்டினான். காய் ஓரளவு காய்கிற வரை அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. வெளிக்காற்று பட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். அது எனக்கும் தெரியும். வெளுத்த காயை ஒதுக்கித் தள்ளுகிறவனே நான்தானே. வாசலில் உட்கார்ந்து பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் போவதற்குள்ளேயே உள்ளே ‘படக்’ என்று ஒரு சத்தம்.

“பூனை போயிருச்சோ?” என்றேன்.

“பூனையா? ஒங்க கட்டை மச்சான்.”

இன்னொரு படக். எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். உள்ளே மெல்ல மெல்ல முறிகிற சத்தம், விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி. கதவைத் திறந்தால் மாப்ளையின் காய் கெடும். திறக்காவிட்டால் என் கட்டை கெடும். அவன் என்னையே பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசி ஜீப்புக்கு ஹாரன் அடித்ததும் இறங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் போன் பண்ணினான். “மச்சான், ராத்திரி பூரா ஒங்க மரம் பேசிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுல அத்தன பேரும் தூங்கல.”

மறுபடியும் ஜீப் ஏறிப் போய்ப் பார்த்தேன். நாலு கட்டையில் மூன்று விறகாகவே போயிருந்தது. நாலாவதும் இரண்டு முனையிலும் நட்சத்திரம் போட்டு வெடித்திருந்தது. அதில் ஒரு வெடிப்பு மட்டும் மேலிருந்து கீழ்வரை ஓடியது. ஆனால் முகர்ந்து பார்த்தால் ஏலக்காய் வாசனை. காயோடு காய்ந்து, காயின் வாசனையை முழுக்க வாங்கி வைத்திருந்தது. முதல் தரமான எட்டு எம்.எம். காய்க்குக் கூட அப்படி ஒரு மணம் இருந்து நான் பார்த்ததில்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெடித்த கட்டையை மிஷினில் போடக் கூடாது என்று வீடியோவில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். வெடிப்பில் காப்பித்தூளைத் திணித்து, பசையை ஊற்றி இறுக்கி, சைக்கிள் டியூபால் கட்டி இரண்டு நாள் வைத்தேன். பிறகு மண்டையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். வேலைக்காரி வந்தால் போலீஸ் என்று நினைத்திருப்பாள். அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் கிடையாது என்பதால் பிரச்சினை இல்லை.

எப்படியோ இந்தத் தடவை பூரிக்கட்டை வரவில்லை. அடியில் அகலம், நடுவில் ஒடுக்கம், மேலே கொஞ்சம் விரிவு. காப்பித்தூள் அடைத்த வெடிப்பு, கறுப்புக் கோடாக வளைந்து இறங்கியது. வயருக்குத் துளை போடும்போதுதான் சனி பிடித்தது. உச்சியிலிருந்து நேராக அடிவரை போகவேண்டிய துளை, பாதி வழியில் மனம் மாறி இடுப்புப் பக்கம் வெளியே வந்துவிட்டது. வயரை அந்த வழியாகவே விட்டேன். பார்க்கிறவர்களுக்குக் குளுக்கோஸ் ஏறுகிற நோயாளி ஞாபகம் வரும். மேலே மூடுவதற்குக் கடையில் ஓரமாகக் கிடந்த பழைய சல்லடை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கவிழ்த்தேன். உள்ளே குண்டு பல்பு. போட்டவுடன் மேலே தளம் முழுக்க வட்ட வட்டமாக வெளிச்சம் சிந்தியது. கொஞ்ச நேரத்தில் பல்புச் சூட்டுக்குக் கட்டையிலிருந்து ஏலக்காய் மணக்க ஆரம்பித்தது. நான் கட்டிலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளுடைய பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அணைக்கக் கை எட்டாமல் எழுந்து சுற்றிப் போய் அணைத்தேன். விளக்கு அவளுக்குத்தானே.

சொன்னபடியே கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான பஸ்சில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் விளக்குமாற்றைத் தேடினாள். சமையலறையில் டப்பாக்களைத் திறந்து மூடினாள். நான் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் படுக்கை அறைக்குப் போனாள்.

“ஏங்க, இது என்னது?”

“வெளக்கு.”

“யாரு செஞ்சது?”

“நான்தான்.”

கிட்டே போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இடுப்பிலிருந்து வயர் வருவதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாவம், இதுக்கு ஆப்பரேசன் பண்ணியிருக்கீங்களா?”

“உசுரு பொழச்சிருச்சு. இனிமே உப்பு கம்மியாப் போடணும்.” சொல்லவே நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது.

சன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் அவளுடைய பக்கத்தில் படுத்தாள். கையை நீட்டிப் போட்டாள். மேலே தளத்தில் வட்டங்கள் விழுந்தன. அணைத்தாள், மறுபடியும் போட்டாள். சிரிப்பு நின்றுபோய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பாள் என்று கதவோரம், அந்தப் பழைய சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். 

அவள் போனை எடுத்து மகளுக்கு வீடியோ போட்டாள். “பாப்பாவக் கூப்புடு, தாத்தா என்ன செஞ்சிருக்காருன்னு பாரு.”

பாப்பா பார்த்தது. “நெலா! நெறைய நெலா! பாட்டி, அது எனக்கு.”

“ஒனக்குத்தான் சாமி. வரும்போது கொண்டாறேன்.”

என்னைத் திரும்பிப் பார்த்து, “இருட்டுன்னா பயப்படுறா. இத வச்சா தூங்கிருவா” என்றாள். முகம் முழுக்கச் சந்தோஷம். இம்புட்டுப் பாடு எதுக்கு என்ற கேள்விக்கு அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள். அதுவும் நல்ல பதில்தான். அதைப் போய் நான் எப்படி இல்லை என்பது?

கல்யாண வீட்டில் நான் நன்றாகவே வேலை பார்த்தேன். பந்தியில் என்னைச் சுற்றி ஒரே சிரிப்பு. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அவளிடம், “இவரோட இருந்தா பொழுது போறதே தெரியாதேம்மா” என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டியதைச் சாம்பார் வாளிக்கு மேலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் விளக்கை அவளுடைய பழைய சேலை ஒன்றில் சுற்றி, ஓர் ஏலக்காய் அட்டைப்பெட்டியில் வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் சன்னல் ஓரமாக உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கீழே நின்றேன். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. சல்லடை முதலாளியுடையது, போலீஸ் வந்தால் உன் பேரைத்தான் சொல்வேன் என்று. நல்ல ஜோக். பஸ்சில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்திருப்பார்கள்.

“அத நான் பாப்பாவுக்குச் செய்யல” என்றேன். “ஒனக்குச் செஞ்சேன். நீ இங்க வந்துரணும்னு.”

அவள் புன்னகையோடு என்னைப் பார்த்தபடி இருந்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பேச ஆரம்பித்தால் எல்லாரும் வைத்துக்கொள்கிற முகம், அடுத்த வரி வரட்டும் என்று காத்திருக்கிற முகம். என்னிடம் அடுத்த வரி இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“பின்ன பல்லி, ரேசன் கார்டுன்னு…”

“அதுலயும் இதத்தான் சொன்னேன்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். டிரைவர் ஏறி என்ஜினைப் போட்டார். சன்னல் கம்பி என் கையில் நடுங்கியது.

“ஆனி மாசம் பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். நான் மகளோட பேசணும். இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க.”

“சரி.”

“கிறுக்கு மனுசன். இத பஸ்சுல ஏறுனப்புறமா சொல்லுவாக?”

பஸ் பின்னால் நகர்ந்தது. பெட்டியை என்னிடம் திருப்பித் தருவாளோ என்று ஒரு நொடி நினைத்தேன். தரவில்லை. திரும்பும்போது சன்னலில் தலையை நீட்டி, “அடுத்தத நல்லாக் காய வச்சுச் செய்ங்க” என்றாள். பஸ் தேனி ரோட்டில் திரும்பிவிட்டது.

அது நடந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. சாயங்காலம் இப்போதும் பேசுகிறோம். பல்லியைப் பற்றி நான் பேசுவதில்லை. அதனால் பேச்சு சுருங்கிப்போய்விட்டது. என்ன சாப்ட்டீங்க என்கிறாள், தோசை என்கிறேன். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். பின்னால் பாப்பா நிலா எண்ணுகிற சத்தம் கேட்கிறது. மகளோடு பேசினாயா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முன்பு போனை வைத்தபோது வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததில்லை.

கடையில், “என்னண்ணே, சரக்கு தீந்துருச்சா?” என்று அந்த வாய் நீளமானவள் கேட்டாள். லோடு இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை என்றேன். அதற்குச் சிரித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்குப் போனேன். அதே மரத்தில் ஒரு துண்டு அறுத்து, இரண்டு முனையிலும் மெழுகு காய்ச்சித் தடவி, மாப்ளையின் சாமான் கொட்டகையில் தரையில் படாமல் கல் வைத்து ஏற்றிப் போட்டிருக்கிறேன். வெயில் படாது. காற்று மட்டும் வந்து போகும். மாப்ளை ஸ்டோர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

“இங்கிட்டு வந்துராதீங்க மச்சான். போன தடவ தூங்காதது இன்னும் கண்ணுல இருக்கு.”

“வரல மாப்ளே. இது அடுத்த தை வரைக்கும் கெடக்கட்டும்.”

“அக்கா வர்றேன்னு சொல்லிருச்சா?”

“ஆனி வரட்டும்னுருக்கா.”

அவன் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்காமல், காலால் ஒரு கல்லை நகர்த்திக் கட்டையைச் சரியாக உட்காரவைத்தான். நான் குனிந்து, பழக்க தோஷத்தில், கட்டையின் மேல் காதை வைத்தேன்.

“என்ன மச்சான், உள்ள அரிசி உருளுதா?”

“இல்ல.”

“வெடிக்குதா?”

“இல்ல. ஒண்ணுமே கேக்கல.”

“ஒண்ணும் கேக்கலேன்னா நல்லாக் காயுதுன்னு அர்த்தம்” என்றான். “எந்திரிங்க, காப்பி ஆறுது.”

நான் இன்னும் கொஞ்ச நேரம் காதை எடுக்காமல் இருந்தேன்.